இன்டர்கூலருக்கு ஒரு மண்பானை வைத்தியம்

ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் பிரேக் பேட் மாற்றுவதற்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பையன்கள்.

"இன்டர்கூலருக்குத் தண்ணி அடிச்சா வண்டி பிச்சுக்கிட்டுப் போகுமாம் மாப்ள. ரீல்ஸ்ல காட்டுறான், இருபது எச்பி கூடுதாம்."

"லூசு, இன்ஜினுக்குள்ள தண்ணி போனா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்டா."

டீ கொண்டுவந்தவரும் சேர்ந்துகொண்டார். "தண்ணி எதுக்குத் தம்பி? ஐஸைக் கட்டி விடுங்க. பாம்பன்ல ஐஸுக்கா பஞ்சம்?"

வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை நீட்டாமலே சொன்னார்: "ஓட்டுறவன் தண்ணி அடிக்காம இருந்தாப் போதும்ணே."

கடைசி ஆள் சொன்னதில் பிழை இல்லை. மற்ற மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு. இந்த விஷயமே அப்படித்தான் பேசப்படுகிறது. டர்போ வண்டியில் இன்ஜினுக்குப் போகும் காற்றை ஆற்றும் பெட்டிதான் இன்டர்கூலர்; அதன் மேல் வெளியிலிருந்து தண்ணீர் தூவுவதுதான் விஷயம். வீட்டிலேயே செய்துவிடக்கூடிய சின்ன அமைப்புதான்: ஒரு தொட்டி, ஒரு பம்பு, தண்ணீரைத் தூவும் ஒரு நாசில், ஒரு பட்டன். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமல் செய்தால், நம் கடற்கரையில் ஆறே மாதத்தில் இன்டர்கூலரைக் கெடுத்துக்கொள்ளலாம். அதனால் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சைக்கிள் பம்பிலிருந்து டர்போ வரை

சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உரசலால் கொஞ்சம், பெரும்பகுதி, காற்றை அமுக்கியதால் வந்த சூடு. காற்றை எங்கே, எதை வைத்து அமுக்கினாலும் அது சூடாகும்.

டர்போ என்பது இன்ஜினின் புகைபோக்கி வழியாக வெளியேறும் வாயுவால் சுழலும் ஒரு காற்று பம்பு. வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, இன்ஜினுக்குள் தள்ளுவது அதன் வேலை. காற்று அதிகம் போனால் ஆக்சிஜன் அதிகம். அதற்கேற்ப எரிபொருளும் அதிகம் எரியும். சின்ன இன்ஜினிலிருந்து பெரிய இழுவை கிடைக்கும். இன்று ஓடும் டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் இது உண்டு.

சிக்கல் அந்தச் சூடுதான். 35 டிகிரி வெளிக்காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அது 120, 130 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரியும். ராமேஸ்வரம் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கையை ஒடுக்கி நின்றால் அறுபது பேர் ஏறலாம். ஆளாளுக்குக் கையை வீசிக்கொண்டு நின்றால் நாற்பது பேருக்கே மூச்சு முட்டும். சூடான காற்று அந்தக் கை வீசும் கூட்டம். அதே குழாயில், அதே அழுத்தத்தில், ஆக்சிஜன் குறைவாகத்தான் ஏறும்.

பெட்ரோல் இன்ஜினில் இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே போகும் காற்று அதிகம் சூடாக இருந்தால், ஸ்பார்க் பற்றவைத்த பிறகு தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்து 'டிக் டிக்' என்று தட்டும். இதுதான் நாக்கிங். இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடித்து, ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காப்பாற்றும். இன்ஜின் பிழைக்கும், இழுவை குறையும்.

இன்டர்கூலர்: டீ ஆற்றும் வேலை

டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே, இந்தச் சூட்டைத் தணிக்க வைத்திருக்கும் அலுமினியப் பெட்டிதான் இன்டர்கூலர். பார்ப்பதற்கு ரேடியேட்டர் போலவே இருக்கும். ரேடியேட்டருக்குள் ஓடுவது தண்ணீர், இதற்குள் ஓடுவது காற்று, அவ்வளவுதான் வித்தியாசம். குழாய்களுக்கு இடையே மெல்லிய அலுமினியத் தகடுகள் நெளி நெளியாக ஒட்டியிருக்கும். அவற்றை ஃபின் என்போம். வெளிக்காற்று ஃபின் வழியாகப் போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

டீக்கடையில் டீயை உயரத் தூக்கி ஆற்றுகிறார்களே, அதே கதை. சூடான பொருளைக் காற்றுக்கு நிறையக் காட்டுகிறோம். இதற்கு ஒரு எல்லை உண்டு. வெறும் காற்றை வைத்து ஆற்றும் பெட்டி, உள்ளே இருப்பதை வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக்க முடியாது. வெளியே 35 டிகிரி என்றால், எவ்வளவு பெரிய இன்டர்கூலரும் 35க்குக் கீழே போகாது. நடைமுறையில் அதற்கும் 15, 20 டிகிரி மேலேயே நின்றுவிடும்.

வண்டி நின்றால் நிலைமை இன்னும் மோசம். ரயில்வே கேட்டில் இன்ஜினை ஓடவிட்டபடி பத்து நிமிடம் நிற்கிறீர்கள். எதிர்காற்று இல்லை. இன்ஜினின் சூடு மேலே எழும்பி இன்டர்கூலரின் அலுமினியத்தில் ஊறிவிடும். வெப்பத் தேக்கம் என்று இதைச் சொல்லலாம். பானட் மேல் காற்று வாய் வைத்த ஸ்கார்பியோ, பழைய ஃபார்ச்சூனர் மாதிரி வண்டிகளில் இன்டர்கூலர் இன்ஜினுக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இது அதிகம். கேட் திறந்ததும் மிதித்தால் முதல் அரை நிமிடம் வண்டி சோம்பலாகக் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக: டர்போ காற்றை அமுக்குகிறது, அமுக்கினால் சுடுகிறது, இன்டர்கூலர் ஆற்றுகிறது. வெளிக்காற்றின் வெப்பநிலைதான் அதன் அடிமட்டம். அந்த அடிமட்டத்தை நெருங்க வைக்கவும், முடிந்தால் கொஞ்சம் தாண்டவும்தான் தண்ணீர் வருகிறது.

பானை ஏன் வேர்க்கிறது

கத்திரி வெயிலில் திண்ணையில் இருக்கும் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் எவர்சில்வர் குடத்துத் தண்ணீர் அப்படி இருக்காது. இரண்டிலும் ஒரே தண்ணீர், இரண்டைச் சுற்றியும் ஒரே காற்று. பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து, மேற்பரப்பில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அரியமான் கடற்கரையில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு காற்றில் நின்றால் உடம்பு நடுங்குவதும் இதனால்தான். கடல் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருந்தது?

தண்ணீர் நீராவியாக மாறும்போது, தன் வெப்பநிலை ஏறாமலேயே விழுங்கும் இந்தச் சூட்டுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். அதன் அளவுதான் ஆச்சரியம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வேண்டும். கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 2257 கிலோஜூல், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. கொதிக்காமல், 35, 40 டிகிரியிலேயே துணி காய்வதுபோல் ஆவியானால் இன்னும் கொஞ்சம் கூட, 2400 அளவில்.

இப்போது டீக்கடைக்காரரின் ஐஸுக்கு வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருகி, உருகிய தண்ணீர் 40 டிகிரி வரை சூடாக மொத்தம் 500 கிலோஜூல் விழுங்கும். சாதாரணத் தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியானால் 2400. ஐஸ் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். தொட்டியை ஐஸில் புதைத்துவிட்டு, அடித்த தண்ணீரில் பாதி ஆவியாகாமல் ரோட்டில் சொட்டினால், சுமந்ததெல்லாம் வீண். மறுபுறம், பானட்டுக்குள் இருக்கும் தொட்டியில் தண்ணீர் வெந்நீராகவே இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. 60 டிகிரிக்குச் சூடாகிவிட்டால்கூட இழப்பது நூற்றுக்கு ஐந்து பங்குதான். பானை வைத்தியத்தில் தண்ணீரின் குளிர்ச்சிக்கு வேலையே இல்லை. அது காணாமல் போவதுதான் வேலை.

இது புரிந்தால் அமைப்பில் பாதி தானாகவே புரிந்துவிடும். பீச்சியடிக்கக் கூடாது, பனிமூட்டம் போலத் தூவ வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துளி ஒன்றை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 1000 துளிகள் கிடைக்கும். காற்றைத் தொடும் பரப்பு மொத்தம் பத்து மடங்காகும். பரப்பு கூடினால் ஆவியாவதும் வேகமாகும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. இன்டர்கூலரின் அலுமினியம் 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரயில்வே கேட்டில் ஊறிய சூட்டில் 20 டிகிரியை இறக்க 72 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆவியாக வேண்டிய தண்ணீர் 30 மில்லி, இருமல் மருந்து மூடியால் ஆறு மூடி. ரீல்ஸில் காட்டுவதுபோல் பக்கெட் கணக்கில் எதுவும் இல்லை.

ஓடும்போது கணக்கு வேறு. 1500 சிசி டீசல் ஒன்று 3000 ஆர்பிஎம்மில் முழு டர்போ அழுத்தத்தில் இழுத்தால், இன்டர்கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 5 கிலோவாட், அதாவது நொடிக்கு 5 கிலோஜூல் அளவில் இருக்கும். வெந்நீர் போடும் 1000 வாட் ராடு ஐந்து. நிமிடத்துக்கு 100 மில்லி தண்ணீர் முழுவதும் ஆவியானால் 4 கிலோவாட்டை விழுங்கும். முழுவதும் ஃபின்னிலேயே ஆவியாகாது. கொஞ்சம் வழியிலேயே காற்றில் கலக்கும், கொஞ்சம் ஃபின்னைத் தாண்டிப் பறக்கும். ஆனாலும் சின்ன நாசில் ஒன்று எந்த அளவுக்கு உதவும் என்பதை இது காட்டுகிறது.

கடற்கரைக் காற்றில் ஆவியாகுமா?

இங்கே உள்ளவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. தொண்டியிலும் கீழக்கரையிலும் கொடியில் போட்ட துணியே சீக்கிரம் காய்வதில்லை, இன்டர்கூலரில் என்ன ஆவியாகப் போகிறது?

ஈரத் துணி சுற்றிய வெப்பமானி, காற்றில் எவ்வளவு கீழே இறங்குமோ அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வெறும் ஆவியாதலால் அடையக்கூடிய தரைமட்டம் அது. உள்நாட்டில் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 26 டிகிரி வரை இறங்கும். 14 டிகிரி லாபம். கடலோரத்தில் 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 29 வரைதான். லாபம் 4 டிகிரி. ஏர்கூலர் பரமக்குடியில் ஊதுகிற மாதிரி மண்டபத்தில் ஊதாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இன்டர்கூலர் ஏர்கூலர் மாதிரி இல்லை. ஏர்கூலரின் தட்டி அறைக் காற்றின் சூட்டில்தான் இருக்கிறது. இன்டர்கூலரின் ஃபின் 60, 80 டிகிரியில் தகிக்கிறது. அதைத் தொடும் காற்றும் சூடாகிவிடும், சூடான காற்றுக்கு நீராவியை ஏற்கும் கொள்ளளவு அதிகம். தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மழைநாளிலும் சுர்ரென்று போகிறதே, அதே போல. ஆகவே ஈரக்காற்றில் லாபம் குறையும், இல்லாமல் போகாது. 'வெளிக்காற்றைவிடக் குளிர வைப்பேன்' என்ற கனவு மட்டும் நம் கரையில் பலிக்காது.

எச்பி கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். உள்ளே போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். 100 எச்பி வண்டிக்கு, எல்லாம் கூடிவந்தால், 3 எச்பி. டீசலில் கம்ப்யூட்டர் கூடுதல் எரிபொருள் கொடுத்தால்தான் அதுவும். டர்போ பெட்ரோலில் நாக்கிங் அடங்குவதால், வெயிலில் இழந்த இழுவை திரும்பக் கிடைப்பது இதைவிட நன்றாகத் தெரியும். இருபது எச்பி எல்லாம் ரீல்ஸில் மட்டும்தான்.

இன்டர்கூலரில் உப்பளம் வைக்காதீர்கள்

வாலிநோக்கம் பக்கம் போனவர்களுக்கு உப்பளம் தெரியும். பாத்தி கட்டி, தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலுக்கு விட்டுவிடுவார்கள். தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். நாம் இன்டர்கூலரில் செய்யப்போவதும் அச்சு அசல் அதேதான். சூடான தகட்டில் தண்ணீரைத் தூவி ஆவியாக்குகிறோம். தண்ணீர் எதைச் சுமந்துவந்ததோ, அத்தனையும் ஃபின்னில் தங்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகைகளின் மொத்த அளவை டிடிஎஸ் என்கிறோம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை. நம் கடலோரத்தில் பல ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்கவே கரிக்கும். 2000 டிடிஎஸ் உள்ள தண்ணீர் 50 லிட்டர் தூவினால், 100 கிராம் உப்பும் சுண்ணாம்பும் ஃபின்னில் படிந்திருக்கும். 100 கிராம் தூளை அந்த மெல்லிய இடுக்குகளில் கையால் அடைத்து வைப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். காற்றுப் போகும் வழி அடைபடும்; படிந்த அடுக்கு சூட்டைத் தடுக்கும்; குளோரைடு உப்பு அலுமினியத்தில் குத்துக்குத்தாகத் துளை போடும். குளிர்விக்கப் போய், முன்பைவிடச் சூடாக்கியிருப்போம்.

சொல்கிறேனே தவிர, நான் யோக்கியன் இல்லை. முதல் தடவை தொட்டியில் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன். காவிரி கூட்டுக் குடிநீர் வந்த நாளில் அது, வராத நாளில் போர் தண்ணீர், வீட்டுக்குப் பயன்படுத்துவதுபோலவே. மூன்றாவது வாரம் முன் கிரில்லைக் கழற்றினால், நாசிலுக்கு நேர் எதிரே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வட்டம். விரலால் சுரண்டினால் திருநீறு மாதிரி உதிர்ந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பூசை போட்டாச்சா?" என்று கேட்டாள். பழைய டூத் பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் வைத்து ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்த இடத்தில் ஃபின் மடங்கிப்போனது தனிக் கதை.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சரியானது. ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை. இதைவிட நல்ல வழி ஒன்று வீட்டுப் பின்பக்கம் சொட்டிக்கொண்டிருக்கிறது: ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் ஏசியின் குளிர்ந்த சுருளில் பட்டுத் தண்ணீரானது அது. உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. நம் கரையில் ஈரம் அதிகம் என்பதால் ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் பக்கெட்டில் லிட்டர் கணக்கில் சேரும். ஸ்ப்ரேயின் லாபத்தைக் குறைக்கும் அதே ஈரக்காற்று, ஸ்ப்ரேக்கு வேண்டிய தண்ணீரை இலவசமாகத் தருகிறது. தூசியும் வழுவழுப்பும் கலந்திருக்கும், மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்டுங்கள். குடிக்க மட்டும் வேண்டாம்.

இதுவரை: ஆவியாதல்தான் குளிர்விக்கிறது, அதற்குக் கொஞ்சம் தண்ணீர், ரொம்பப் பொடித் துளி வேண்டும், அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது.

சாமான்களும் கோர்ப்பதும்

பம்பு விஷயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கண்ணாடி கழுவும் வைப்பர் வாஷர் பம்பு மலிவு, 12 வோல்ட், கையில் கிடைக்கும். ஆனால் அதன் அழுத்தம் போதாது. நாசிலில் பனிமூட்டம் வராது, சொட்டுச் சொட்டாகப் பீச்சும். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் மாற்று, பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்க முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்ப்ரேயருக்குள் இருக்கும் பம்பு. அதுவும் 12 வோல்ட்தான்; உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அடித்து நல்ல அழுத்தம் கொடுக்கும். ஸ்பேர் பம்பு தனியாக விவசாயச் சாமான் கடைகளில் கிடைக்கும். புதிதாக வாங்குங்கள். பூச்சி மருந்து ஓடிய பம்பு காருக்குள் வேண்டாம்.

நாசிலுக்கும் அதே கடைதான். நாற்றங்கால் பந்தலில் பனி மாதிரி தூவுகிற மிஸ்ட் நாசில்களைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 100 மில்லி விடுவது ஒன்று போதும். அகலமான இன்டர்கூலருக்கு இரண்டு. துளை மயிரிழை அளவுதான் என்பதால், தொட்டிக்கும் பம்புக்கும் இடையே ஒரு சின்ன ஃபில்டர் கட்டாயம். பம்புக்கும் நாசிலுக்கும் இடையே, நாசில் பக்கமாக, ஒரு செக் வால்வு வையுங்கள். பம்பின் அழுத்தம் வந்தால் மட்டும், ஒரு பக்கமாக மட்டும் தண்ணீரை விடும் சின்ன அடைப்பான் அது. அது இல்லையென்றால் பம்பு நின்ற பிறகும் நாசில் சொட்டும், குழாய் காலியாகிவிடும், அடுத்த முறை பட்டனை அழுத்தினால் சில நொடி வெறும் காற்றுதான் வரும்.

நாசிலை இன்டர்கூலருக்கு முன்னே ஒரு சாண் தள்ளி, காற்று வரும் திசையிலேயே தூவும்படி பொருத்துங்கள். வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, தூவலின் கூம்பு இன்டர்கூலரின் முகப்பு முழுவதையும் மூடுகிறதா என்று பாருங்கள். பானட்டுக்கு அடியில் இன்டர்கூலர் உள்ள வண்டியில் ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் செந்தணலாக இருக்கும். அங்கே தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். ஏர் ஃபில்டரின் வாய்க்கு நேரேயும் தூவ வேண்டாம், ஃபில்டர் காகிதம் நனைந்துவிடும்.

தொட்டி இரண்டு லிட்டர் போதும். ஆட முடியாதபடி கட்டுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். பயன்படுத்தாத வாரங்களில் காலி செய்துவிடுங்கள், இல்லையென்றால் பாசி பிடித்து நாசிலை அடைக்கும்; மூடி சரியில்லாத தொட்டியில் டெங்கு கொசுவும் குடும்பம் நடத்தும்.

வயரிங் ரொம்ப எளிது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பம்பு. சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுக்குப் பெயர்தான் ரிலே. பட்டனுக்கு வரும் மின்சாரம் சாவி ஆன் ஆனால் மட்டும் வரும்படி எடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும். அளவை பம்பின் மேல் எழுதியுள்ள ஆம்பியரைவிடச் சற்றுக் கூடுதலாகப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் தாமிர டெர்மினல் எல்லாம் சீக்கிரம் பச்சை பிடிக்கும். இணைப்புகளுக்கு வாசலின் தடவி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.

தானியங்கி சுவிட்ச் வைக்கலாமா என்றால், ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். டர்போ அழுத்தம் ஏறினால் தானாகத் தூவும் சுவிட்சுக்கு, அழுத்தக் குழாயில் துளை போட்டு ஒரு கிளை எடுக்க வேண்டும். அங்கே கசிந்தால் தூவிக் கிடைத்ததைவிட அதிகம் இழப்போம். அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஓடும் பட்டன் ஒன்று ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தால் போதும்.

எப்போது அழுத்துவது

வண்டி நகரத் தொடங்கியதும். நின்ற வண்டியில் தூவினால் நீராவியை எடுத்துப்போகக் காற்று இல்லை. ஃபின் இடுக்கில் தண்ணீர் தேங்கிச் சொட்டும். கேட் திறந்தது, கிளம்பினீர்கள், இரண்டு மூன்று நொடி ஒரு தூவல். பத்து இருபது நொடி விட்டு இன்னொன்று. ஓவர்டேக் செய்யப் போகிறீர்கள் என்றால் மிதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று. முந்தைய தூவல் காய்வதற்குள் அடுத்தது போனால் அது ரோட்டுக்குத்தான்.

சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் ஆகிய ராலி வம்சத்துக் கார்களில் இந்த அமைப்பு கம்பெனியிலிருந்தே வந்தது. ஓட்டுநர் பக்கத்தில் சுவிட்ச், தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி. நாம் செய்வது அதன் நாட்டு வடிவம்.

அப்புறம், அந்த இரண்டாவது பையனின் பயம். இன்டர்கூலர் ஸ்ப்ரேயில் தண்ணீர் வெளிப்புறத்தில் மட்டும்தான் படுகிறது. உள்ளே ஓடும் காற்றுக்கும் அதற்கும் நடுவே அலுமினியச் சுவர். பானைக்கு வெளியே வேர்த்தால் உள்ளே எதுவும் கலக்காததுபோல. அவன் கேள்விப்பட்டது வேறொரு முறை: தண்ணீரையோ தண்ணீரும் மெத்தனாலும் கலந்ததையோ இன்ஜினுக்குள் போகும் காற்றிலேயே மிக நுண்மையாகத் தூவுவது. இரண்டாம் உலகப் போரின் விமானங்களில் அது இருந்தது, பிஎம்டபிள்யூவின் எம்4 ஜிடிஎஸ் காரிலும் இருந்தது. அளவு தவறினால் ஆபத்துதான். வீட்டில் முயல வேண்டிய வேலை அது இல்லை.

யாருக்கு வேண்டும்?

நேராகச் சொன்னால், ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடிக்கு ஈசிஆரில் எழுபதில் போகும் குடும்பக் காருக்கு இது தேவையில்லை. மேடு இல்லை, எதிர்காற்று தாராளம். இன்டர்கூலர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். லோடு ஏற்றி வெயிலில் நின்று நின்று இழுக்கும் வண்டி, டர்போ பெட்ரோலை விரட்டி ஓட்டுபவர், அல்லது என்னைப் போல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர், இவர்களுக்குத்தான்.

அவர்களும் முதலில் பார்க்க வேண்டியது வேறு. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருக்கிறதா? கிளிப் இறுக்கமாக இருக்கிறதா? ஃபின்னில் பூச்சியும் மணலும் அடைத்திருக்கிறதா? அரிச்சல்முனை வரை ரோடு போட்ட 2017லிருந்து கார்கள் கடல் தெறிக்கும் இடத்துக்கே போய்வருகின்றன. ஆடிக் காற்றில் ஒரு தரம் போய்வந்தாலே ஃபின்னில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரை மெதுவாக, அழுத்தம் இல்லாமல் ஓடவிட்டுக் கழுவினால் அதுவே பாதி வைத்தியம். வாரண்டி உள்ள வண்டியில் வயரை வெட்டும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பயன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஸ்டியரிங்கிற்குக் கீழே சொருகி, வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிப் போனில் இணையுங்கள். இன்டேக் காற்றின், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை என்று ஒரு எண் காட்டும். சில வண்டிகளில் அந்த சென்சார் ஏர் ஃபில்டர் பக்கமே இருக்கும். இன்டர்கூலருக்குப் பிறகு இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

நான் பாம்பன் பாலத்தில் பார்த்தேன். மண்டபம் பக்கம் நெரிசலில் நின்று ஊர்ந்து, பாலம் ஏறியதும் அழுத்தினேன். போனைப் பிடித்திருந்தது பக்கத்தில் இருந்த மச்சான். "இறங்குது மச்சான், இறங்குது... இன்னும் இறங்குது" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான். பட்டனை விட்டேன். பாலத்தின் நடுவில், புது ரயில் பாலத்தின் தூக்கு நேராக வரும் இடத்துக்குள் எண் மெல்ல மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. "இவ்வளவுதானா?" என்றான்.

இவ்வளவுதான். தொட்டியில் பாதிகூடக் குறையவில்லை. வீட்டுக்கு வந்து ஏசி பக்கெட்டைப் பார்த்தால், அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.